காகம் வரட்டும் என்று கட்டிப்போட்ட நாய்

நாங்கள் திண்டிவனத்தில் இருக்கிறோம். என் கணவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். சர்க்கரை திடீரென இறங்கி இரண்டு முறை மயங்கி விழுந்ததால், அதை வாசனையிலேயே கண்டுபிடித்துக் குரைக்கப் பழக்கிய நாய் ஒன்றை வாங்கினோம். பெயர் பிரௌனி.

மாமனார் திதியன்றும் இவர் வழக்கம்போலக் காலையிலேயே ஊசி போட்டுக்கொண்டார். படையல் முடிந்து மாடியில் காகத்துக்குச் சோறு வைத்தோம். காகம் எடுக்காமல் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டோம். அன்று பார்த்து ஒரு காகமும் வரவில்லை. பிரௌனியோ இவர் காலைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது.

கெடாரிலிருந்து வந்திருந்த நாத்தனாருக்கு எரிச்சல். “அண்ணி, இது கத்திக்கினே இருந்தா காக்கா எப்பிடி வரும்? ஜல்தியா கீழ கட்டுங்க.”

“வடை வாசனைக்குக் கத்துது. அப்பா மொதல்ல சாப்பிடட்டும்” என்றார் இவரும். முகமெல்லாம் வேர்த்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

கீழே இழுத்துப்போய்க் கட்டினேன். அப்போதும் நிறுத்தவில்லை. துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து, சத்தம் அடங்கும்வரை அடித்தேன்.

“காக்கா வந்துடுச்சு அண்ணி!”

மாடிக்கு ஓடினேன். காகங்கள் சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தன. நாத்தனார் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இவர் சுவரோரம் சரிந்து கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். இப்போதெல்லாம் எந்தத் திதியானாலும் இவர் சாப்பிட்ட பிறகுதான் காகத்துக்கு வைக்கிறேன்.

பிரௌனி அதன்பிறகு குரைத்ததே இல்லை. இவருக்குச் சர்க்கரை இறங்கினால், என் கையைப் பார்த்துவிட்டுக் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிறது. அது ஒளிந்தால், நான் சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு இவரிடம் ஓடுகிறேன்.