வாசல் பக்கம் சாயுற உடம்பு

அடுத்தவங்க நிக்கிற லட்சணத்தைக் குத்தம் சொல்லிச் சோறு திங்கிற தொழில் என்னுது.

சிவகாசியில ஒரு லேடீஸ் ஜிம்முல டிரெய்னரா இருக்கேன். புதுசா சேர வர்றவங்களை எடுத்ததும் ஓட விடமாட்டேன், வெயிட்டைத் தூக்க விடமாட்டேன். எங்க ஹால்ல மேல இருந்து ஒரு கயிறு தொங்கும். அது நுனியில கொத்தனாருங்க சுவரு பாக்குற தூக்குக்குண்டு. அது பக்கத்துல நேரா, பக்கவாட்டுல, முதுகைக் காட்டின்னு நிக்க வச்சு ஃபோட்டோ எடுப்பேன். தலை எம்புட்டு முன்னால வந்திருக்கு, எந்தத் தோளு எறங்கியிருக்கு, இடுப்பு எங்கிட்டு திரும்பியிருக்கு, எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் என்ன பயிற்சின்னு முடிவு பண்ணுவேன். உங்களையும் யாராவது இப்படி நிக்க வச்சு, "வயித்தை உள்ள இழுக்காதீங்க"ன்னு மானத்தை வாங்கியிருந்தா, வாங்க, நாம எல்லாரும் ஒரே கூட்டம். கோர்ஸ் படிக்கையில என்னையும் நிக்க வச்சுத்தான் அனுப்புனாங்க. வலது தோளு எறங்கியிருக்குன்னாங்க. விருதுநகர்ல வத்தல் வியாபாரம் பண்ற எங்க அத்தாகிட்ட, அதான் எங்க அப்பாகிட்ட, இதைச் சொல்லி அழாத குறையா நின்னேன். அவரு பேப்பர்ல இருந்து தலையைக்கூடத் தூக்கல.

"வத்தல் மூட்டை தூக்குனது நானு. தோளு எறங்குனது ஒனக்கா?"

சும்மா நிக்கிறது

"நேரா நில்லுங்க"ன்னு சொன்னாப் போச்சு. குடியரசு தின அணிவகுப்பு மாதிரி நெஞ்சை விரிச்சுருவாங்க. "சும்மா நில்லுங்க"ன்னு சொன்னா அதைவிட மோசம், கையை எங்க வைக்கிறதுன்னே தெரியாமத் தவிப்பாங்க. அதனால நான் ஒரு வேலை பண்ணுவேன். ஃபோன் கேமராவைக் கையில வச்சுக்கிட்டு ஊர்க்கதை பேசுவேன். பேச்சு சுவாரஸ்யத்துல உடம்பு தன்னோட சொந்த வடிவத்துக்கு வந்துரும். அந்த நேரம் பாத்து கிளிக்.

ராஜலட்சுமி அக்காவை அப்படித்தான் எடுத்தேன். பட்டாசு கம்பெனிக்காரங்க வீடு. பொறந்ததும் கம்பெனி வீடு, வாக்கப்பட்டதும் கம்பெனி வீடு. தீபாவளி ஆர்டரைப் பத்திக் கேட்டேன், மழை, லோடு, லாரின்னு பேசிக்கிட்டே தளர்ந்து நின்னாங்க. பக்கவாட்டு ஃபோட்டோவைக் காட்டுனதும் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, கழட்டி, மறுபடி போட்டுப் பாத்தாங்க.

"ஏ ரசியா, இது நான் இல்ல. எங்க மாமியாரு."

ரெஜிஸ்டர் அவுட்

நூர்ஜஹான் மாமி குடும்பத்துக்கு டைரி, காலண்டர் அடிக்கிற பிரஸ். கல்யாணமாகி வந்ததுல இருந்து மெஷின் பக்கத்துல நின்னு, அடிச்சு வர்ற பேப்பரைக் குனிஞ்சு பாத்து, கலரு ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காந்திருக்கான்னு, பிரஸ் பாஷையில 'ரெஜிஸ்டர்' சரியான்னு, சொல்றது மாமிதான். அந்தக் குனிஞ்ச கழுத்து குனிஞ்சபடியே நின்னு போச்சு. நான் ஃபோட்டோவுல கோடு போட்டு, "மாமி, காதும் தோளும் ஒரே நேர்ல இருக்கணும்"னு விளக்கோ விளக்குன்னு விளக்குனேன். மாமி ஃபோனை வெளிச்சத்துல பிடிச்சு, பிரஸ்ஸுல பாக்குற அதே பார்வையில பாத்தாங்க. நான் என்னமோ ரொம்ப வருத்தப்படுவாங்கன்னு நெனச்சுத் தண்ணி பாட்டிலை நீட்டுனேன்.

"ரெஜிஸ்டர் அவுட்டுதான் பாப்பா. ரீபிரிண்ட் போட முடியுமா, இல்ல இப்படியே டெலிவரி குடுத்துரவா?"

இடது பக்கம்

ஆரம்பத்துல என்னைய ரொம்பப் படுத்துனது ஒரு விஷயம். பட்டாசு வேலையில பழகுன பொம்பளைகளைத் தூக்குக்குண்டு பக்கத்துல நிறுத்துனா, இடுப்பு லேசா இடது பக்கம் திரும்பியிருக்கும். இடது பாதம் வெளியே பாத்து நிக்கும். ஒருத்தர் ரெண்டு பேருன்னா பரவாயில்ல, எல்லாரும் அதே மாதிரி. என்ன அதிசயம்டா இதுன்னு புத்தகத்தைப் புரட்டி, இடுப்புக்கு, தொடைக்கு, முதுகுக்குன்னு பயிற்சி குடுத்தேன். வாரக்கணக்குல உருண்டு பொரண்டாங்க. ஒண்ணும் மாறல. எனக்கே என் படிப்பு மேல சந்தேகம் வந்துருச்சு.

அப்புறம் ஹாலுக்கு வெள்ளையடிச்சாங்க. கயித்தை எதிர்ச் சுவத்துப் பக்கம் மாத்திக் கட்டுனேன். மறுநாள் பாத்தா அத்தனை பேருக்கும் இடுப்பு வலது பக்கம் திரும்பியிருக்கு! நான் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். ராஜலட்சுமி அக்கா என் முதுகுல தட்டி, கம்பெனியில ஒவ்வொரு ரூம்லயும் வாசலைப் பாத்து உக்காரணும், எந்திரிச்சா ஒரே எட்டுல வெளிய இருக்கணும், சின்ன வயசுல அப்பா கம்பெனிக்குப் போகையில தனக்கும் அதைத்தான் முதல்ல சொல்லிக் குடுத்தாங்கன்னு சொன்னாங்க. நான் எழுந்து பாத்தேன். முன்னாடி கயிறு இருந்த எடத்துல நின்னா வாசல் இடது பக்கம். இப்ப வலது பக்கம்.

"வாசலு எங்கிட்டோ அங்கிட்டுத்தான உடம்பு நிக்கும்? இதுக்கா எங்கள இம்புட்டு நாளா உருட்டுன?"

தட்டு விழுந்த அன்னிக்கு

ஒரு சாயங்காலம் நல்ல கூட்டம். யாரோ ஒரு பொண்ணு கை வழுக்கி இரும்பு வெயிட் தட்டைக் கீழ போட்டுருச்சு. இன்னொரு தட்டு மேல விழுந்து 'டணார்'னு ஒரு சத்தம். அம்புட்டுதான். நான் திரும்பிப் பாக்குறதுக்குள்ள ஹால் காலி. துப்பட்டா ஒரு பக்கம், பாட்டில் ஒரு பக்கம் கெடக்கு. டிரெட்மில் மட்டும் ஆளில்லாம ஓடிக்கிட்டிருக்கு. உடம்பு எம்புட்டு வேகமா பதில் சொல்லுதுன்னு பாக்குறதுக்கு எங்க படிப்புல தனியா ஒரு சோதனை உண்டு. இனிமே அதை இந்த ஊர்ல வைக்கவே வேண்டாம்னு தோணுச்சு. நான் ஒருத்தி உள்ள நின்னு விழுந்து விழுந்து சிரிச்சேன்.

ரோட்டுல ராஜலட்சுமி அக்கா ஸ்கிப்பிங் கயிறோட நிக்கிறாங்க. பக்கத்துல மாமி செருப்பில்லாம. பட்டாசுக்கும் மாமிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, பிரஸ்காரங்க வீடு. "நீங்க எதுக்கு மாமி ஓடுனீக?"ன்னு கேட்டேன்.

"இந்த ஊர்ல ஒருத்தர் ஓடுனா காரணம் கேட்டுட்டா பின்னால ஓடுவாக?"

அரை சென்டிமீட்டர்

மாரீஸ்வரி வந்ததுக்கு அப்புறம்தான் அந்தச் சிரிப்பு எனக்கு அடங்குச்சு. எம். புதுப்பட்டிப் பொண்ணு. போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணிட்டு, போன தடவை உயரம் அளக்கையில அரை சென்டிமீட்டர் பத்தலைன்னு வெளிய அனுப்பிட்டாங்க. மறுபடி எழுதி, மறுபடி பாஸ் பண்ணி வந்திருக்கா. இதுவும் போச்சுன்னா அம்மா சண்முகத்தாய்கூட திரும்பவும் பட்டாசு கம்பெனிக்குத்தான். பள்ளிக்கூடம் முடிச்சிட்டு ரெண்டு சீசன் அங்க போனவ அவ. பக்கத்து ரூம் வெடிச்ச அன்னிக்கு ஆத்தாளும் மகளும் வாசலை ஒட்டி உக்காந்திருந்ததால வெளிய வந்துட்டாங்க. மத்தவங்க வரல.

கழுத்து முன்னால வந்திருந்துச்சு, மேல் முதுகு வளைஞ்சிருந்துச்சு. நிமித்துனா அரை சென்டிமீட்டர் கண்டிப்பா வரும்னு நம்பிக்கையா சொன்னேன். வந்துச்சு. சுவத்தோரம் நிறுத்தி, தலைக்கு மேல அட்டையை வச்சுப் பென்சிலால கோடு போட்டா, வேண்டிய உயரத்துக்கு ஒரு நூல் மேலயே இருக்கா. அவ கைதட்டிக் குதிச்சா. ஆனா உயரம் அளக்குற ஸ்டாண்டுல நிறுத்தி, இரும்புக் கட்டையை 'கிறீச்'னு மேல இருந்து எறக்குனா மறுபடி கம்மி. பென்சிலுக்கு இருக்குற உயரம் இரும்புக்கு இல்ல. ஸ்டாண்டைத்தான் திட்டுனேன். வேற ஸ்டாண்டு வாங்கி வந்தேன், அதுலயும் அப்படித்தான். கடைசியா வீடியோ எடுத்துப் பாத்தேன். கட்டை தலையைத் தொடுறதுக்கு முன்னாடியே, கம்பியில இரும்பு உரசுன சத்தத்துக்கு, கழுத்து உள்ள போயிருது. பாதம் வாசல் பக்கம் திரும்பிருது. அவளுக்கு அது தெரியவே இல்ல. வீடியோவை மறுபடி மறுபடி ஓட்டிப் பாத்தா.

"இரும்புல இரும்பு பட்டா பொறி தெறிக்கும், அங்கன நிக்கக் கூடாதுல்லக்கா."

சண்முகத்தாய் வந்தாக

சரி, அந்தச் சத்தத்துக்கு உடம்பைப் பழக்கிருவோம்னு முடிவு பண்ணேன். அவளை ஸ்டாண்டுல நிறுத்திட்டு, தூரத்துல நின்னு ரெண்டு தட்டை லேசா இடிப்பேன். கொஞ்சம் கொஞ்சமா பக்கத்துல வருவேன். முதல்ல கண்ணுல தண்ணி வரும். அப்புறம் தோளு மட்டும் துள்ளும். நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. ஒருநாள் கம்பெனி வேன்ல இருந்து எறங்கி, மகளைக் கூட்டிட்டுப் போகலாம்னு சண்முகத்தாய் வந்தாங்க. கை நகத்துல பட்டாசுக்குப் போடுற வெள்ளி மருந்து அப்படியே இருந்துச்சு. வாசல்ல நின்னு நாங்க பண்றதைப் பாத்தவங்க, விறுவிறுன்னு உள்ள வந்து என் கையில இருந்த தட்டைப் பிடுங்குனாங்க. பிடுங்குனவங்க அதைத் தூக்கி எறியல. தூங்குற பிள்ளையைப் படுக்கப் போடுற மாதிரி, சத்தமில்லாம தரையில வச்சாங்க. அதுக்கப்புறம்தான் என்னையத் திட்ட ஆரம்பிச்சாங்க.

"அந்தப் பயந்தான்மா எங்க ரெண்டு பேரையும் வெளிய கொண்டாந்துச்சு. அதையும் நீங்க எடுத்துட்டு, வேலையும் கெடைக்கலைன்னா, எத நம்பி இவள என்கூட உள்ள கூட்டிட்டுப் போவேன்?"

மாரீஸ்வரி சொன்னது

அவங்க சொன்னதுல தப்பே இல்ல. அதான் என்னைய உறங்க விடல. ஒருத்தர் உடம்புல கோணல்னு நான் எழுதுறது, அவங்களுக்கு உசுரா இருந்துட்டா? நாங்க படிச்ச எந்தப் பாடத்துலயும் இந்தக் கேள்வி இல்ல. இனிமே பொண்ணு வராதுன்னு நெனச்சேன். மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வந்து செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, தானே போயி ஸ்டாண்டுல நின்னா. அம்மா என்ன சொன்னாகன்னு கேட்டேன். ராத்திரி பூரா சண்டையாம், கடைசியில ரெண்டு பேரும் அழுதாங்களாம்.

அன்னிக்கு எனக்கே தட்டைத் தூக்கக் கை வரல. ராஜலட்சுமி அக்கா வந்து வாங்குனாங்க. கம்பெனிக்காரங்க வீட்டுல பொறந்து, வேணும்னே இரும்போட இரும்பை இடிச்சு அவங்களுக்குப் பழக்கமே இல்ல. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, 'பிசுமில்லா' சொல்லுன்னு மாமியையும் பக்கத்துல நிறுத்திக்கிட்டு, ஓங்கி இடிச்சாங்க. இடிச்சவங்க நடுங்கிப் போனாங்க, மாமி ரெண்டு எட்டு பின்னால போயிட்டாங்க. மாரீஸ்வரி மட்டும் கண்ணாடியைப் பாத்தபடி நின்னா.

"இன்னும் ஓங்கி அடிங்கக்கா. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா கம்பெனி வாசலுக்கு நான் திரும்பிப் போறதா இல்ல."

கேட்டுக்கு வெளியே

உயரம் அளக்குற அன்னிக்கு விருதுநகர் மைதானத்துக்கு வெளிய நானும் சண்முகத்தாயும் நின்னோம். சண்டைக்கு அப்புறம் அவங்க என்கிட்டப் பேசல. ஆனா வெயில் ஏற ஏற தன் சேலைத் தலைப்புல பாதியை என் தலைக்கும் பிடிச்சாங்க. உள்ள இருந்து பொண்ணுங்க ஒவ்வொண்ணா வெளிய வருது. சிலதுக அழுதுக்கிட்டே வருது. அப்ப நான் மனசுக்குள்ள கேட்ட துஆ கொஞ்சநஞ்சமில்ல. மாரீஸ்வரி வந்தா. மூஞ்சியில ஒண்ணும் தெரியல. நேரா அம்மாகிட்டப் போயி நின்னா. அங்கயும் அதே இரும்புக் கட்டைதானாம், எங்க ஸ்டாண்டைவிடச் சத்தம் கூடவாம். இந்தத் தடவை உயரம் பத்திருச்சாம். "எப்படிடி நின்ன?"ன்னு நான் கத்தியே கேட்டுட்டேன்.

"நீங்க எல்லாரும் சேந்து அடிச்சத விடவாக்கா?"

சாத்தூர் சேவு

ஓட்டம், தாண்டுறது எல்லாம் முடிச்சு வேலை உத்தரவும் வந்துருச்சு. டிரெயினிங் கிளம்புறதுக்கு முன்னால ஆத்தாளும் மகளும் எங்க எல்லாருக்கும் சாத்தூர் சேவு வாங்கிட்டு வந்தாங்க. நான் ஒரு கையில சேவை அள்ளிக்கிட்டு, மறு கையால கம்பியில இருந்து தட்டைக் கழட்டுனேன். எண்ணெய்க் கை. வழுக்கிருச்சு. மறுபடி அதே 'டணார்'.

ராஜலட்சுமி அக்கா, மாமி, சண்முகத்தாய், எல்லாரும் வெளிய. திரும்பிப் பாத்தா உள்ள ஒருத்தி மட்டும் தூக்குக்குண்டு பக்கத்துல நேரா நிக்கிறா. காதும் தோளும் இடுப்பும் ஒரே நேரு. ரெண்டு பாதமும் முன்னால பாத்து இருக்கு. வாயில சேவு. சண்முகத்தாய் வாசல்ல நின்னு மகளை மேலயும் கீழயும் பாத்தாங்க. வேலை உத்தரவு வந்த அன்னிக்குக்கூட அழாதவங்க, அப்பத்தான் அழுதாங்க. அழுதுக்கிட்டே சிரிச்சு, என் பக்கத்துல வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"பாத்தீகளா டீச்சர், ஓட மாட்டேங்குறா. எங்க வேலைக்கு இவ இனிமே லாயக்கே இல்ல."

ஊரையே நேரா நிக்க வைக்கிறேன்னு போர்டு மாட்டி வச்சிருக்குற நான் அப்ப எங்க நின்னேன்னு கேக்குறீங்களா, எல்லாருக்கும் முன்னால, கையில ஒரு பிடி சேவோட, நடு ரோட்டுல.