வெள்ளைப் பூ வந்தால் டியூசன்

அக்கா பிளஸ் டூ படித்த வருடம், அரைப்பரீட்சைக்கு முன்பே கணக்கு டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். நுண்கணிதம் பாதியில் நின்றது. இன்ஜினியர் ஆகியே தீருவேன் என்றிருந்த அக்காவும் பாதியில் நின்றாள்.

அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருந்தார். டியூசன் வாத்தியாரையும் வண்டிக்கு டிரைவர் தேடுவதுபோலத்தான் தேடினார். எந்த ஊர், குடிப்பானா, இதற்கு முன் எங்கே இருந்தான். கணக்கு வருமா என்று மட்டும் கேட்கவில்லை. கடைசியில் ராசிபுரத்தில் ஒருவர் அகப்பட்டார். அந்தக் கணக்கைச் சொல்லித்தர அவரை விட்டால் சுற்றுவட்டாரத்தில் ஆளில்லை. அப்பா என்னையும் கூட்டிப்போனார். காபி வந்தது.

"கலியாணம் ஆயிருச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க."

அப்பா காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "செரிங்க, வாரேனுங்க."

அக்கா சோற்றைத் தொடவில்லை. அப்பாவைவிட அம்மாதான் அவளை அதிகம் திட்டினாள். "இந்தக் கணக்கப் போட்டாத்தான் ரசம் கொதிக்குமாக்கும்?" என்றவள், அப்பாவிடம் திரும்பினாள். "ஏனுங்க, நாம எதுக்குப் பேசிக்கிட்டு? பூக் கேட்டுப்போடலாமுங்க."

பெண் கொடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் எங்கள் பக்கம் குலசாமியிடம் பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை. சாமி காலடியில் போட்டதில் ஒன்றை ஒரு சிறுபெண் எடுக்க வேண்டும்; எங்கள் வீட்டில் அது நான். வெள்ளை என்றால் சம்மதம். அப்பாவும் ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அம்மாவே பூப்பறித்தாள். அம்மாவே வெற்றிலையில் மடித்து நூல் சுற்றினாள். கோயிலில் எல்லோரும் கண்ணை மூடினார்கள். அக்கா மட்டும் மூடாமல் என் கையையே பார்த்தாள். பாவாடையில் வேர்வையைத் துடைத்துக்கொண்ட கை, அங்கும் இங்கும் அலைந்து ஒன்றை எடுத்தது. பூசாரி பிரித்தார். நந்தியாவட்டை.

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தாளே சொல்லிப்போட்டா. இனி நானென்ன சொல்றது."

அக்கா அழுதாள். எல்லோரும் திருநீறு வாங்க நகர்ந்தபோது, மிச்சமிருந்த பொட்டலத்தை நான் பிரித்தேன். அதிலும் வெள்ளை. அம்மாவிடம் நீட்டினேன். வெடுக்கென்று பிடுங்கி இடுப்பில் செருகினாள்.

"வாய மூடிக்கிட்டு வண்டியேறு சாமி."

ஊர் வந்துசேரும்வரை எனக்கு ஒரே கவலை. அம்மா செவ்வரளி பறிக்க மறந்துவிட்டாள். அப்பாவுக்குத் தெரிந்தால் மறதிக்காரி என்று ஏசுவார். பாவம், அம்மா திட்டு வாங்கக் கூடாதே என்று, அன்று முழுவதும் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.