தண்ணீரில் முக்கிய கார்பைடு டூல்

மலாயாவை ஜப்பான்காரர்கள் பிடித்திருந்த காலத்தில் நான் லிங்கி ஆற்றுப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தேன். லேத் என்ற கடைசல் எந்திரத்தை ஓட்டியவன் ஆரோக்கியம். அதில் மாட்டி வெட்டும் டூலை அவனுக்குத் தீட்டிக் கொடுப்பது என் வேலை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே லயத்து வரிசை வீடுகளில் குடியிருப்பு.

அப்போது ரப்பரை வாங்க ஆள் இல்லை. பேக்டரி பாதி நின்றுபோயிருந்தது. ஒர்க்‌ஷாப்புக்கு மட்டும் ஓய்வில்லை. உடைந்த ராணுவ லாரிகளின் ஆக்சிலைக் கொண்டுவந்து போட்டு, அதைக் கடைந்து பம்ப் ஷாப்ட் செய்யச் சொன்னார்கள். ஆக்சில் என்றால் பதம் ஏற்றிய ஸ்டீல். எங்களிடம் இருந்த ஹை ஸ்பீட் ஸ்டீல் டூல் நாலு அங்குலம் வெட்டுவதற்குள் மழுங்கிவிடும். அவன் கழற்றிக் கொடுப்பான், நான் தீட்டிக் கொடுப்பேன். ஒரு ஷாப்ட் முடிய ஒரு நாள் போய்விடும்.

1. பாதி விரல் நகம்

ஒரு காலையில் ஜப்பான் என்ஜினியர் ஒருவர் மரப்பெட்டியோடு வந்தார். சிப்பாய் அல்ல, தடித்த கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். நாங்கள் அவரைக் கண்ணாடித் துரை என்போம். பெட்டிக்குள் மூன்று டூல்கள் இருந்தன. தண்டு சாதாரண ஸ்டீல். நுனியில் மட்டும் பாதி விரல் நகம் அளவில் சாம்பல் நிறத் துண்டு ஒன்றைச் செம்பு உருக்கி ஒட்டியிருந்தார்கள்.

பெல்ட்டை வேகமான புல்லிக்கு மாற்றச் சொன்னார்.

“இந்த வேகத்துல ஓட்டுனா டூல் எரிஞ்சு போயிரும்லா,” என்று ஆரோக்கியம் என் காதில் சொன்னான்.

எரியவில்லை. ஊதா நிறத்தில் சுருள் சுருளாகச் சீவல் வந்தது. ஷாப்ட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே ஓட்டம். லேத்தை நிறுத்தி, டூல் முனையில் நகத்தை வைத்துப் பார்த்தேன். கூர் அப்படியே இருந்தது.

துரை போன பிறகு, எங்களை மேய்க்கும் மண்டோர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: “மூணே மூணுதான்டா இருக்கு. ஒண்ணு ஒடஞ்சாலும் சயாமுக்கு ஆள் எடுக்குற லிஸ்டுல பேரு ஏறிடும். என்னைக் கேக்காதீங்க.”

சயாமில் ரயில் பாதை போடப் போனவர்களில் பலர் உயிரோடு திரும்பவில்லை என்பது அதற்குள் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

2. நான் செய்தது

அது என்ன பொருள் என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. மத்தியானம் எல்லாரும் மரவள்ளிக்கிழங்கு தின்னப் போன நேரம், ஒரு டூலை எடுத்து அதன் மேல் அரம் போட்டேன். அரம் வழுக்கியது. அரத்தின் பல்தான் தேய்ந்தது. கிரைண்டர் சாணைக்கல்லில் வைத்தேன். ஸ்டீல் என்றால் பூப்பூவாகப் பொறி பறக்கும். இதில் பொறியே இல்லை. கல்லில்தான் பள்ளம் விழுந்தது. எனக்கு ஒரே ஆச்சரியம், விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

டூல் கையைச் சுட்டது. பழக்க தோஷம், பக்கத்தில் இருந்த தண்ணீர் டின்னில் முக்கினேன். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

பொழுது சாயுமுன் ஆரோக்கியம் அதே டூலை மாட்டினான். ஒரு சாண் வெட்டியிருக்காது, முனை தெறித்து விழுந்தது. துரை ஓடிவந்து ஆரோக்கியத்தைக் கன்னத்தில் அறைந்தார். மண்டோர் நோட்டில் அவன் பெயரை எழுதினார்.

“நா ஒண்ணும் பண்ணலங்கய்யா, மாட்டுனேன், அவ்ளோதான்,” என்றான் ஆரோக்கியம்.

நான் மூன்று அடி தள்ளி நின்றேன். வாய் திறக்கவில்லை.

3. கறுப்பு மண்

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகாமல் நேரே துரையின் அறைக்குப் போனேன். உடைந்த துண்டை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த பாசார் மலாயில், கடைத்தெரு மலாயில், நடந்ததைச் சொன்னேன். எழுந்து வந்து எனக்கும் ஒன்று வைத்தார். பிறகு உட்கார்ந்து பென்சிலை எடுத்தார்.

எவ்வளவு நேரம் தீட்டினாய்? நிறம் மாறியதா? சத்தம் கேட்டதா? நான் ‘டிக்’ என்று சொன்னதும் தலையை ஆட்டினார்.

“ஆயேர் தா போலே!” என்றார், தண்ணீர் கூடாது என்று.

அவரும் அரைகுறை மலாயில்தான் விளக்கினார். இதன் பெயர் கார்பைடு, உருக்கி வார்த்த இரும்பு அல்ல. மாவாக அரைத்து, அழுத்தி, சட்டி சுடுவதுபோல் சூளையில் சுட்டது. எந்தச் சூட்டையும் தாங்கும். ஆனால் சூட்டோடு திடீரென்று குளிர்ந்தால், எரிகிற விளக்குச் சிம்னியில் மழைத்துளி பட்டது போல் உள்ளே விரிசல் விடும். அடியும் தாங்காது. அதில் கலந்திருக்கும் ஒரு சரக்கினால்தான் சூடான ஸ்டீல் சீவல் முனையில் ஒட்டிக்கொண்டு அதை அரித்தெடுப்பதில்லை. அந்தச் சரக்கின் பெயர் அவர் வாயில் ‘சிதான்’ என்று வந்தது. அது டைட்டானியம் என்பது சண்டை முடிந்து பல வருஷம் கழித்து ஒரு கேட்டலாக் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

மேசையிலிருந்து கறுப்பு மண் கொஞ்சம் எடுத்து என் உள்ளங்கையில் கொட்டினார். மம்பாவ் பக்கம் ஈயம் அலசுகிற இடத்தில் வேண்டாம் என்று ஒதுக்கும் மண். “இதற்குள்ளும் சிதான் இருக்கிறது,” என்றார்.

“இந்த மண்ணா துவான் அந்த ஆக்சில வெட்டுச்சு?” என்று துரையைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். கன்னம் எரிந்துகொண்டிருந்தது எனக்கே மறந்துபோயிருந்தது.

ஆரோக்கியத்தின் பெயர் லிஸ்டில் ஏறியது ஞாபகம் வந்ததும் அதையும் சொன்னேன். மண்டோரை வரவழைத்தார். மிச்சம் இரண்டு டூல், அதற்குக் கடைகிறவன் ஒருவன், தீட்டுகிறவன் ஒருவன், இருவரும் இங்கேயே இருக்க வேண்டும் என்றார். மண்டோர் பெயரை அடித்தார். ஆனால் லிஸ்டில் ஆள் குறையக் கூடாது. அந்த இடத்தில் யார் பெயர் ஏறியது என்று நான் கேட்கவில்லை. இன்று வரை தெரியாது.

சில நாளில் கார்பைடு தீட்டுவதற்கென்றே பச்சை நிறக் கல் ஒன்று வந்தது. மெதுவாக, தண்ணீர் காட்டாமல் தீட்டப் பழகினேன். துரையின் அறையிலிருந்து வந்த அன்றே ஆரோக்கியத்திடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவன் சொன்னது:

“சொன்னது சரிதான் கோவிந்தா. ஆனா நேத்தே சொல்லியிருக்கணும். ராத்திரி பூரா எங்கம்மா அழுதுகிட்டு இருந்தாங்க.”

அடுத்த நாளிலிருந்து டூலை மாட்டுவதற்கு முன் அவன் என் முகத்தைப் பார்த்துக் கேட்பான்: “இத ஏதாச்சும் செஞ்சியா?” முதல் சில மாதங்கள் அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று குத்தும். பிறகு, கேட்கும் முன்பே நானாகச் சொல்ல ஆரம்பித்தேன்: எவ்வளவு தீட்டினேன், எங்கே சூடேறியது, கீழே போட்டேனா. விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அதைச் செய்தவன்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அந்த இரண்டு டூலும் ஜப்பான்காரர்கள் போகும்வரை உடையவில்லை.