ஒரே மேசையில் இரண்டு சம்பந்திகள்

என் சம்பந்தியும் நானும் நான்கு வருடம் பேசிக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. பொங்கலுக்குப் போன் செய்து நல்லா இருக்கீங்களா என்று கேட்டுக்கொள்வோம். பதில் வருவதற்குள் போனை அவரவர் மனைவியிடம் கொடுத்துவிடுவோம்.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மைதானத்தில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை எனக்கு. என் ஒரே மகளைத் தென்னேரியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்தேன். சம்பந்திக்கு நிலம் உண்டு, வாலாஜாபாத்தில் உரக்கடையும் உண்டு. முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்கால வரவேற்பில் மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் குடித்துவிட்டு மேடைக்கு முன்னால் ஆடினார். ஆடியது மட்டும்தான், யார்மேலும் இடிக்கக்கூட இல்லை. முன்வரிசையில் எங்கள் பழைய தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்தார். எனக்கு மானம் போனதுபோல் ஆகிவிட்டது.

"இந்தக் குடிகாரனை யாராவது வெளிய இட்டுக்கினு போங்கப்பா" என்று கத்தினேன்.

பாட்டுக் கச்சேரிக்காரர்களே நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேர் அவரைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்துப் போனார்கள். சம்பந்தி அன்றிலிருந்து என்னிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதில் சொல்ல வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. நானும் குடிப்பவன்தான். மாதம் ஒருமுறை, என்னோடு ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் வீட்டு மாடியில் ஒரு பீர். என் மனைவியையும் அவரையும் தவிர யாருக்கும் தெரியாது.

மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் வேலை. பேரனுடைய முதல் பிறந்தநாளுக்கு இரண்டு வீட்டுக்காரர்களையும் மகள் அங்கே வரவழைத்தாள். மியூனிக்கில் அவர்களுடையது சின்ன வீடு. பெண்கள் இருவருக்கும் ஒரு அறை. ஆண்களுக்கு ஹாலில் இழுத்தால் கட்டிலாகும் ஒரு சோபா. நானும் சம்பந்தியும் ஒரே சோபாவில், நடுவில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு படுத்தோம். பகலில் பேரன் வழியாகப் பேசிக்கொண்டோம். "தாத்தாவைக் காப்பி குடிக்கச் சொல்லு" என்பேன். "தாத்தா அப்பவே குடிச்சாச்சுன்னு சொல்லு" என்பார். பேரனுக்கு இன்னும் பேச்சே வரவில்லை.

வந்த இரண்டாம் நாள் மாப்பிள்ளை எங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டினார். ஒரு பெரிய பழைய கட்டடத்தின் வாசலில் ஒரே கூட்டம். உள்ளே இருந்து வாத்திய சத்தம் வந்தது. இது ரொம்பப் பெயர் போன பீர்க் கடை, இதைப் பார்க்கவென்றே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்று சொல்ல ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு நடையை வேகமாக்கினார். நான் எதிர்ச்சாரியில் இருந்த செருப்புக் கடையைப் பார்ப்பதுபோல் நின்று, டிராம் எங்கே நிற்கிறது, எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்றெல்லாம் மனதில் குறித்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை பிறந்தநாளுக்குச் சாமான் வாங்க எல்லோரும் கிளம்பினார்கள். சம்பந்தி காய்கறிச் சந்தையைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு முன்னதாகவே போய்விட்டார். இந்த ஊர் முள்ளங்கியைப் பற்றி அவருக்கு நிறைய சந்தேகங்கள் இருந்தன. நான் ஊர் நடுவில் இருக்கும் கோபுரக் கடிகாரத்தில் மணி அடிக்கும்போது பொம்மைகள் ஆடுவதைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். மகள் என் ஸ்வெட்டரின் பொத்தானைக் கழுத்துவரை போட்டு அனுப்பினாள். எனக்கும் சம்பந்திக்கும் அவள் ஒரே நிறத்தில், மயில் நீலத்தில், ஸ்வெட்டர் வாங்கியிருந்தாள்.

அந்தப் பீர்க் கடைக்குள் நுழைந்ததும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் குடிக்கிற இடம் என்றால் பச்சை வலை கட்டி, இருட்டாக, தலை குனிந்து போய்த் தலை குனிந்து வருகிற இடம். இங்கே கல்யாண மண்டபம்போல் கூரை உயர்ந்து, வளைவெல்லாம் பூவும் கொடியும் வரைந்து இருந்தது. நீள நீள மேசைகளில் கிழவர்கள், கிழவிகள், தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தையோடு அம்மாக்கள். முழங்கால்வரை தோல் டவுசர் போட்ட ஆட்கள் ஊதுகுழல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பரிமாறும் அம்மா ஒருவர் இரண்டு கையிலும் சேர்த்துப் பத்துக் கண்ணாடிக் குவளையாவது தூக்கிக்கொண்டு போனார். ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் குவளை.

காலி இடமே இல்லை. அந்த அம்மா குவளைகளை இறக்கிவிட்டு வந்து, ஒரு விரலைக் காட்டி ஒருத்தரா என்று கேட்டார். தலையாட்டினேன். என் முழங்கையைப் பிடித்து அழைத்துப் போய், ஒரு பெஞ்சில் இருந்தவர்களை நகரச் சொல்லி, என்னை உட்கார வைத்தார். நிமிர்ந்து பார்த்தேன். எதிரே மயில் நீல ஸ்வெட்டர். அதற்கு மேலே சம்பந்தியின் முகம், மீசை முழுக்க நுரை.

எழுந்து ஓட வழியில்லை. இரண்டு பக்கமும் ஆள். அவர் மட்டும் சட்டென்று எழுந்து நின்றார். தன் வீட்டு வாசலில் வரவேற்பதுபோல், "வாங்க சம்பந்தி" என்றார்.

வந்தேன் என்றேன். அவர் உட்கார்ந்தார். சந்தையில் கூட்டம் அதிகம் என்றார். கடிகாரப் பொம்மைகள் இன்னும் ஆட ஆரம்பிக்கவில்லை என்றேன். இருவரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பரிமாறும் அம்மா என்ன வேண்டும் என்பதுபோல் நின்றார். வேறு என்ன செய்வது? சம்பந்தியின் குவளையைக் காட்டினேன்.

அது வந்ததும் பக்கத்தில் இருந்த ஜெர்மன் தாத்தா தன் குவளையைத் தூக்கினார். நாங்களும் தூக்கி இடித்தோம். அவர் தவறு என்பதுபோல் தலையை ஆட்டினார். இரண்டு விரலால் தன் கண்களைக் காட்டி, பிறகு எங்கள் கண்களைக் காட்டினார். இடிக்கும்போது ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க வேண்டுமாம். அவரோடு சரியாகச் செய்தோம். பிறகு நீங்கள் இருவரும் செய்யுங்கள் என்று விரலை ஆட்டிக் காத்திருந்தார்.

சம்பந்தியின் கண்ணை அன்றுதான் நேராகப் பார்த்தேன். அதில் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது. குவளைகள் இடித்துக்கொண்டன. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குக் குடித்தது மூக்கில் ஏறிவிட்டது. ஜெர்மன் தாத்தா என் முதுகைத் தட்டினார்.

அதன்பிறகு பேச்சு தானாக வந்தது. அறுவடை முடிந்தால் ஒரு பாட்டில் குடிப்பாராம். என் காதுக்கு எட்டிவிடப் போகிறதென்று, கல்யாணத்துக்குப் பிறகு அதையும் விட்டுவிட்டாராம். நான் மாடி விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பாமல் இரண்டு தரம் கேட்டார். என் உள்ளங்கையைவிடப் பெரிதாக, உப்புக்கல் ஒட்டிய முறுக்குபோன்ற ரொட்டி ஒன்று வந்தது. ஆளுக்குப் பாதி பிய்த்துக்கொண்டோம்.

பாதியில் அவர் மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு ஆடினது யாருன்னு உங்களுக்குத் தெரியாது இல்ல? என் கூடப் பொறந்த தம்பி. பந்தக்கால் நட்டதுல இருந்து பந்தி வரைக்கும் எல்லா வேலையும் அவன்தான் பாத்தான். சந்தோஷத்துல கொஞ்சம் போட்டுக்கினான்."

குவளையைக் கீழே வைத்துவிட்டேன். தம்பி மறுநாள் முகூர்த்தத்துக்கு மண்டபத்துக்குள் வரவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வாசலில் செருப்பு விடும் இடத்திலேயே நின்றிருக்கிறார். தப்பு பண்ணிட்டேன் சம்பந்தி என்றேன். அவர் போனை எடுத்துத் தம்பியை வீடியோவில் அழைத்தார். ஊரில் அப்போது சாயங்காலம். தம்பி உரக்கடையில் மூட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது திரையில் தெரிந்தது. போனை என் கையில் கொடுத்தார்.

வாத்திய சத்தத்தில் மெதுவாகப் பேச முடியாது. என் தொண்டை அன்று ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது. மண்டபத்தில் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது, என்னை மன்னிக்க வேண்டும் என்று, மேசையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன்.

"அத இன்னும் மனசுல வெச்சுக்கினு இருக்கீங்களா சார்?" என்றார் தம்பி. "எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. இப்ப நீங்களே கேட்டுட்டீங்க, போதும். அந்த எடத்தைக் கொஞ்சம் சுத்திக் காட்டுங்க, பாக்கலாம்."

போனை உயரத் தூக்கிக் கூரையை, மேசைகளை, ஊதுகுழல்காரர்களைக் காட்டினேன். ஜெர்மன் தாத்தா திரையைப் பார்த்துக் கையசைத்தார். தம்பி வணக்கம் வைத்தார்.

திரும்பும்போது தப்பான டிராமில் ஏறிவிட்டோம். கடைசி நிறுத்தம்வரை போய்த்தான் தெரிந்தது. அதே டிராமில் திரும்பி வந்தோம். அது வரப்புபோல் வளைந்து வளைந்து போகிறது என்று சம்பந்தி சொன்னார். அவருக்கு அன்று எல்லாமே வளைந்துதான் தெரிந்திருக்க வேண்டும்.

வாசலில் மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். சந்தை எப்படி இருந்தது மாமா, கடிகாரம் எப்படி இருந்தது அப்பா என்று கேட்டாள். இரண்டும் நன்றாக இருந்தது என்றார் சம்பந்தி. என் மனைவி சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. மாப்பிள்ளைதான் ரொம்ப நேரம் ஒன்றும் புரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய சனிக்கிழமை மாப்பிள்ளையே எல்லோரையும் அந்தக் கடைக்கு அழைத்துப் போனார். பேரன் அந்தப் பெரிய ரொட்டியைச் சப்பிச் சப்பி ஈரமாக்கினான். சம்பந்தியம்மா என் மனைவியின் குவளையில் இருந்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, பாகற்காய் வேகவைத்த தண்ணீர் மாதிரி இருக்கிறது, இதற்கா இத்தனை பேர் என்றார். என் மனைவி குவளையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.