கோதுமை ஊரின் பதினோராவது ஆள்

ஆபீசில் அவர் எனக்கு சார். மாதுங்கா ஸ்டேஷனில் இறங்கிவிட்டால், உறவு ஒன்றும் இல்லாவிட்டாலும், மாமா. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கேப்டன். ஒரே மனிதரிடம் மூன்று விதமாகப் பயப்பட வேண்டியிருந்த காலம் அது.

யுத்தம் முடிந்திருந்தது. யுத்தத்துக்காக எடுத்த தற்காலிகக் குமாஸ்தாக்களை எல்லா ஆபீசுகளிலும் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பம்பாயின் ஃபோர்ட் பகுதியில் நான் வேலை பார்த்த இன்ஷூரன்ஸ் கம்பெனியில், எங்கள் செக்‌ஷனில் அப்படி மூன்று பேர். ஒருவனை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அந்த ஒருவன் யார் என்று சொல்ல வேண்டியவர் சூப்பரின்டெண்டான மாமாதான். வேலை போனால் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலக்காட்டுப் பக்கம் எங்கள் கிராமத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கே எனக்காகக் காத்திருந்தவை ஒரு குளமும், நாலாவது கைக்கு ஆள் தேடும் மூன்று சீட்டாட்டக்காரர்களும். அக்கா வீட்டில் ஹாலில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தவன்தான் என்றாலும், பம்பாயை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. டிராமின் மணிச்சத்தம்கூட என்னைப் பார்த்து அடிப்பது போலத்தான் இருக்கும்.

மாமாவின் கண்ணில் படட்டும் என்றுதான் அவருடைய கிரிக்கெட் கிளப்பில் சேர்ந்தேன். பட்டேன், பன்னிரண்டாவது ஆளாக. ஆடுகிற பதினோரு பேருக்குத் தண்ணீர் கொண்டு கொடுப்பது, பந்து சாக்கடையில் விழுந்தால் எடுத்துக் கழுவுவது, இதுதான் என் ஆட்டம். பயிற்சியின்போது என் கைக்கு வரும் பந்தெல்லாம் தரிசனம் பண்ணிவிட்டு மறுபக்கம் போய்விடும். மாமா தலையில் அடித்துக்கொள்வார்.

அவருக்கும் ஒரு குறை இருந்தது. இத்தனை வருஷம் ஆடியும் ஐம்பது ரன் எடுத்ததில்லை. முப்பது, முப்பத்தைந்து என்று வந்து வழுக்கிவிடும். ஐம்பது அடிக்காமல் கண்ணை மூட மாட்டேன் என்று மாமியிடம் சபதம் போட்டிருந்ததாக மாதுங்கா முழுக்கப் பேச்சு.

அந்தக் குளிர்காலத்தில் ஆஸ்திரேலியச் சிப்பாய்களை ஊருக்கு ஏற்றிப்போன கப்பல் ஒன்று எஞ்சின் பழுதாகி பம்பாயில் நின்றது. துறைமுகத்தில் வேலை பார்த்த எங்கள் கிளப் அங்கத்தினர் ஒருவர் அவர்களோடு பேசி, ஞாயிற்றுக்கிழமை மாட்சுக்கு ஏற்பாடு பண்ணிவிட்டார். மாமா ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. கோட்டை எடுத்து இஸ்திரி போட்டார். கப்பலில் இருந்தவர்களோ எல்லோரும் உள்நாட்டுக் கோதுமைக்காட்டு விவசாயிகள். கடலைவிட்டு ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போனால்தான் அவர்கள் ஊர்கள் வருமாம்.

வந்தது பத்துப் பேர். பதினோராவது ஆள் கப்பலிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். முந்தின நாள் ஏதோ தெருக்கடையில் வெளுத்துக்கட்டியிருக்கிறான். மற்றச் சிப்பாய்கள் ஊர் பார்க்கக் கிளம்பிவிட்டதால் வேறு ஆளும் இல்லை. அவர்கள் கேப்டன், கொஞ்சம் கூச்சத்தோடு, தங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டென்று சொன்னார். அறுவடைக் காலத்தில் எந்த ஊருக்கும் ஆள் முழுசாகச் சேராது; குறைகிற ஆளை எதிர் ஊர்தான் கொடுக்கும். அது மானப் பிரச்சினை இல்லையாம்.

மாமா திரும்பிப் பார்த்தார். நான் தண்ணீர்க் கூஜாவோடு நின்றுகொண்டிருந்தேன்.

"இவனை எடுத்துக்கோங்கோ" என்று அவர்களிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, "நமக்கு ஒரு நஷ்டமும் இல்லே" என்று தமிழில் சேர்த்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

அவர்கள்தான் முதலில் பேட்டிங். கடைசி ஆள் என்பதால் பெஞ்சில் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கேப்டன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். செங்கல் நிறத்தில் கழுத்து, இரண்டு ஆள் அகல முதுகு. ஊரில் அறுவடை நடந்துகொண்டிருக்க, தான் இங்கே மாட்டிக்கொண்டதைப் பற்றித்தான் அவருக்குப் பேச்சு. யாராவது கேட்டால் போதும் என்று காத்திருந்தவர் போல ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார்.

ஒரே ஒரு தெருதானாம். ஆனால் மாட்டு வண்டி வரிசையே திரும்புகிற அளவுக்கு அகலம். ஒரு கடை, மாடியில் தாழ்வாரம் வைத்த ஒரு ஹோட்டல், இரண்டு சர்ச், தகரக் கூரை போட்ட ஒரு ஹால். ரயில் பாதை ஓரத்தில் அறுவடை சமயம் கோதுமை மூட்டைகளை அடுக்கினால் ஊரைவிட உயரமாக நிற்கும். அதற்கு அப்புறம் எல்லாப் பக்கமும் வயல், ஆடு, வானம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் அம்மாளுக்கு ஊரில் யார் வீட்டில் யாருக்கு ஜுரம் என்பது டாக்டருக்கு முன்னால் தெரிந்துவிடும். ஹாலில் நாட்டியம் நடந்தால் குழந்தைகளைக் கம்பளியில் சுற்றி மேடையில் வரிசையாகத் தூங்கப் போட்டுவிடுவார்கள். வீடு திரும்பும்போது மாற்றி எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு என்று கண்ணைச் சிமிட்டினார். நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

"மழை வந்தால் மாட்ச் நின்றுவிடுமா?" என்று கேட்டேன்.

"மழை வந்தால் பேட்ஸ்மேனும் பௌலரும் கட்டிக்கொண்டு குதிப்போம். மாட்ச் யாருக்கு வேண்டும்?" என்றார்.

பள்ளிக்கூடத்துக்குப் புது வாத்தியாரை சர்க்கார் அனுப்பினால், பாடம் நன்றாக நடத்துவாரா என்று யாரும் கேட்பதில்லையாம். பேட்டிங்கா, பௌலிங்கா என்றுதான் ஸ்டேஷனிலேயே கேட்பார்களாம். ஸ்டேஷன் மாஸ்டருக்கு மாற்றல் வந்தால் ஊரே துக்கம் கொண்டாடும், அவர் விக்கெட் கீப்பர்.

கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அதுவரை ஆஸ்திரேலியா என்றால் கங்காரு என்று நினைத்திருந்தேன். இவர் சொன்னது அப்படியே மாதுங்கா. எங்களுக்கும் ஆபீஸ், கோயில், கச்சேரி, கிளப் எல்லாவற்றிலும் அதே ஐம்பது முகங்கள்தான். காலையில் எட்டு ஐந்து லோக்கல் ரயிலில் என் காலை மிதித்தவர் சாயங்காலம் பஜனையில் பக்கத்தில் உட்கார்ந்து ஜால்ரா போடுவார். டெலிபோன் அம்மாள் வேலையைக் குழாயடி செய்துவிடும். அவர்கள் மைதானத்தில் ஆட்டை விரட்டிவிட்டு ஆடுவார்கள், நாங்கள் எருமையை விரட்டிவிட்டு ஆடினோம். பிட்சில் விரித்திருந்த கயிற்றுப் பாயைப் பார்த்து, ஊரிலும் இதே பாய்தான் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அது எங்கள் மலையாளக் கரையிலிருந்து வருகிற தேங்காய் நார் என்று நான் பெருமையடித்துக்கொண்டேன். ஒரே ஒரு வித்தியாசம்தான். அவர் அந்தச் சின்ன ஊருக்குத் திரும்பிப்போகத் துடித்தார். நான் என் ஊருக்குத் திரும்பாமல் இருக்கத் துடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நானும் பேட்டோடு போனேன். எனக்குப் பந்து வருவதற்குள் எதிர் முனையில் இருந்தவன் அவுட். ஒரு ரன்னும் இல்லை, ஆனால் அவுட்டும் இல்லை. அவர்கள் என் முதுகில் தட்டிய தட்டில் சதம் அடித்தவன் போல உணர்ந்தேன்.

இடைவேளையில் டிபன். அக்காவும் இன்னும் சில வீட்டுப் பெண்களும் கோதுமை ரவை உப்புமாவும் கோதுமை தோசையும் பண்ணிக் கொண்டுவந்திருந்தார்கள். ரேஷனில் அரிசியைக் குறைத்து ஆஸ்திரேலியக் கோதுமையைத் தலையில் கட்டிய நாட்கள் அவை. அதை விளைவித்தவர்களைத் தினமும் அடுப்படியில் நின்று வைதுகொண்டிருந்தவள் அக்கா. அந்த விவசாயியே எதிரில் நின்று, தன் ஊர்க் கோதுமையை இப்படிக்கூடத் தின்னலாம் என்று தெரியாதே என்று மூன்றாவது தோசைக்குத் தட்டை நீட்டியதும் அவள் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. "பாவம்டா, இவா என்ன பண்ணுவா? விளையறதை விளைச்சிருக்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மிளகாய்ப்பொடியைக் கொஞ்சமாக வைத்தாள்.

பிறகு எங்கள் கிளப் பேட்டிங். அதாவது, எனக்கு எதிராக எங்கள் கிளப். மாமா முதல் ஆளாக இறங்கினார். அன்றைக்கு என்ன வேளையோ, தொட்டதெல்லாம் துலங்கிற்று. லெக் பக்கம் நைசாகத் தட்டித் தட்டி நாற்பதைத் தாண்டினார். மாதுங்காவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மாமி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் அவுட்டாவதில் எனக்கு எந்தப் பங்கும் இருக்கக் கூடாது. ஓவர் மாறும்போது அவர்கள் கேப்டனிடம் ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். இவர் என் மேலதிகாரி, நாளைக்கு என் வேலை இவர் கையில், தயவு செய்து பந்தே வராத இடத்தில் என்னை நிறுத்துங்கள். எந்த இடம் என்றும் நானே சொன்னேன். ஆஃப் பக்கம், கடைசி எல்லை, எருமைகளுக்குப் பக்கத்தில். அந்தத் திசையில் மாமா தூக்கியடித்து நான் பார்த்ததே இல்லை.

அவர் சிரித்தார். தங்கள் ஊரிலும் ரயிலடியில் கோதுமையைச் சோதித்து எடை போடுகிற ஒருவன் உண்டு என்றார். வருஷத்துக்கொரு தடவை தெருக்காரர்களும் வயல்காரர்களும் மோதுவார்களாம். ஒரு சனிக்கிழமை இவர் அவனை முதல் பந்திலேயே அவுட்டாக்கிவிட்டு, திங்கட்கிழமை அவனிடமே கோதுமையை ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்ததாம்.

"என்ன பண்ணினான்?" என்றேன், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு.

"ஈரமாக இருக்கிறதென்று வண்டியோடு திருப்பி அனுப்பிவிட்டான்" என்று சொல்லிவிட்டுப் பந்து போடப் போய்விட்டார்.

நான் எருமைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மாமாவின் ஸ்கோர் நாற்பத்தெட்டு. ஒரு பௌண்டரி போதும். லெக் பக்கம் முழுக்க ஆட்களை நிறுத்திவிட்டார்கள். மாமா பேட்டை ஊன்றிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை வந்து என் மேல் நின்றது. ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குப் பந்து வருவதற்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. அத்தனை பெரிய மைதானத்தில் பிடிக்கத் துப்பில்லாதவன், பிடித்தாலும் விட்டுவிட வேண்டியவன், நான் ஒருத்தன்தான் என்று கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்த பந்தை என்னைப் பார்த்தே தூக்கினார்.

எனக்குக் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் என் வாழ்க்கையில் அதற்கு முன்பு வந்ததில்லை. தண்ணீர் கொடுத்தேன், சாக்கடையில் கை விட்டேன், நஷ்டமில்லை என்றதைக் கேட்டுக்கொண்டேன். இப்போது என் கையாலாகாத்தனத்தை நம்பி ஐம்பது அடிக்கப் பார்க்கிறாரே! பந்து மேலே போய்க்கொண்டே இருந்தது. வேலை, டிரங்குப் பெட்டி, குளம், சீட்டாட்டம் எதுவும் நினைவில் இல்லை. எருமை ஒன்று நகர்ந்து வழிவிட்டது. ஓடினேன். கையை நீட்டினேன். சுரீர் என்றது. திறந்து பார்த்தால் பந்து இருந்தது.

ஒன்பது விவசாயிகள் ஓடிவந்து என் மேல் விழுந்தார்கள். அவர்கள் கேப்டன் என்னைக் குழந்தை மாதிரி தூக்கிச் சுற்றினார். அந்த உயரத்திலிருந்து மாமா நடந்து போவதைப் பார்த்தேன். அப்போதுதான் வேலை நினைவுக்கு வந்தது. கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை, அக்காவைத் தவிர. மாட்சில் யார் ஜெயித்தார்கள் என்றே எனக்கு இன்று ஞாபகமில்லை.

திங்கட்கிழமை லோக்கலில் மாமா என்னைப் பார்க்கவில்லை. ஆபீசிலும் பார்க்கவில்லை. சாயங்காலம் எல்லோரும் குடையை எடுக்கும்போது கூப்பிட்டார்.

"கை வலிக்கறதா?"

"கொஞ்சம் வீங்கியிருக்கு, சார்."

"வீங்கட்டும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் பேரைத்தான் சொல்லியிருக்கேன். நீ இங்கேயே இருக்கே."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"தேங்க்ஸெல்லாம் வேண்டாம். மூணு பேர்ல நன்னா வேலை செய்யறவன் நீதான், அதனாலதான். ஆபீஸ் என் அப்பன் ஆத்துச் சொத்து இல்லே, நேத்திக் கோபத்தை இங்கே காட்டறதுக்கு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். "ஆனா கிளப் என்னோடது. நான் கேப்டனா இருக்கற வரைக்கும் நீ அங்கே பேட்டைத் தொட மாட்டே. தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது, சார்."

மாமா இரண்டு வாக்கையும் காப்பாற்றினார். நான் அந்த ஆபீசிலேயே ரிடையர் ஆனேன். அவரோ ரிடையர் ஆன பிறகும், முழங்கால் மடங்காத வயதிலும், கேப்டன் பதவியை விடவில்லை. ஞாயிறு தவறாமல் நான் தண்ணீர் கொண்டுபோனேன். முப்பதிலும் முப்பத்தைந்திலும் அவுட்டாகி வருகிறவருக்கு முதல் டம்ளரை நானே நீட்டுவேன், வாங்கிக் குடித்துவிட்டு ஒரு முறை முறைப்பார். ஐம்பது கடைசிவரை வரவில்லை. பேரன்கள் என்னைக் கேட்பதுண்டு, "தாத்தா, நீங்க மாதுங்காவுக்கு எத்தனை மாட்ச் ஆடியிருக்கேள்?" என்று.

மாதுங்காவுக்கு ஒன்றுகூட ஆடினதில்லை என்பேன். ஆஸ்திரேலியாவுக்கு ஆடியிருக்கிறேன்.