பாடில்ல

எனக்கு ஐந்து வயதில் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் குடிவந்தது. மாடிப்படி ஏறினால் கத்தும், சிரித்தாலும் கத்தும். அப்பா மட்டாஞ்சேரியில் மிளகாய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் வேலை பார்த்தார். நானும் அம்மாவும் விருதுநகரிலிருந்து அவரோடு வந்து சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அப்பாவுக்கு லீவு கிடைக்காததால், மலையாளம் தெரியாத அம்மாதான் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, பொறுமையாகச் சொன்னார்: “மோளுக்கு வலிவுண்டு. பொடியும் புகையும் பாடில்ல.”

அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வலிவு உண்டென்றால் பிள்ளை தெம்பாக இருக்கிறாள். பொடியாலும் புகையாலும் ஒரு பாடும் இல்லை. இதைவிடத் தெளிவாக ஒரு டாக்டர் தமிழ் பேச முடியுமா? அப்பாவிடம் அவள் அந்த வார்த்தைகளைச் சொல்லவில்லை, தான் புரிந்துகொண்டதைத்தான் சொன்னாள். கொடுத்த மருந்தைச் சத்து டானிக் என்று நினைத்து, ஞாபகம் வந்தபோது ஊற்றினாள்.

பிறகென்ன, சாம்பிராணிக்குத் தடையே இல்லை. தலைக்குக் குளித்தால் புகை, கொசுவுக்குப் புகை, வெள்ளிக்கிழமைக்கும் புகை. அடைமழைக் காலம், சன்னலும் சாத்தியே கிடக்கும். சாயங்காலம் அப்பா வந்ததும் நான் ஓடிப்போய் அவர் இடுப்பில் தொற்றிக்கொண்டு, மிளகாய்த் தூசி அப்பிய சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். அந்த நெடிதான் எனக்கு அப்பா.

ஒருநாள் அம்மா என் ஈரத் தலைக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தபோது மூச்சு அடைத்துக்கொண்டது. அம்மாவின் கூச்சல் கேட்டு ஓடிவந்த கீழ்வீட்டுச் சேச்சி, சாம்பிராணித் தட்டைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். டாக்டரே புகையால் பாடில்லை என்றாரே என்று அம்மா அழுதாள். சேச்சி திருதிருவென்று விழித்தாள். பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடிபோட்டு மருந்தைச் சுவாசிக்க வைத்தார்கள். எனக்கு மூச்சு நிதானமான பிறகு, டாக்டர் சொன்னதை அம்மா அப்படியே திருப்பிச் சொல்ல, சேச்சி தன் நெஞ்சில் கைவைத்து, என்னைப் போலவே விசிலடிக்க மூச்சை இழுத்துக் காட்டி, “இதாணு வலிவு” என்றாள். சன்னல் தூசியைத் தொட்டு ‘பொடி’ என்றாள்; ‘பாடில்ல’ என்று சொல்லி, கூடவே கூடாது என்று விரலை ஆட்டினாள். அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

மறுநாள் வீடு தலைகீழானது. சாம்பிராணி குப்பைக்குப் போயிற்று. பழைய இலவம்பஞ்சுத் தலையணைகளும் போயின. என்னைச் சேச்சி வீட்டில் விட்டுவிட்டு, அம்மா மூக்கில் துணி கட்டிக்கொண்டு சுவரில் பூத்திருந்த பூஞ்சையைத் தேய்த்துக் கழுவினாள். போர்வைகளெல்லாம் வெந்நீரில் ஊறின. எனக்கு எல்லாமே வேடிக்கைதான், அப்பா வரும்வரை.

வழக்கம்போல ஓடினேன். அவர் இரண்டடி பின்னால் போனார். “கிட்ட வராத கண்ணு, அங்கனயே நில்லு” என்றார். கீழே குழாயடியில் குளித்து, வேறு சட்டை மாட்டிக்கொண்டு அவர் மேலே வருவதற்குள் நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவே கட்டிவிட்டேன். தினமும் இதே கூத்துதான். சோப்பு வாசனையோடு வந்து முதுகைத் தடவுவார். யாரோ வேற்றாள் தொடுவதுபோல இருக்கும், திரும்பமாட்டேன்.

அப்படி ஒருநாள் தடவிக்கொண்டே அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: “பேசாம இந்த வேலைய விட்டுறட்டுமா?”

என்னைத் தூக்குகிற வேலையைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, சத்தம் வராமல் அழுதேன்.