ஒரு தகரம் வெந்நீர்

இலங்கையில் தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் துரை குளிக்க வெந்நீர் போடுவது மாரிசாமியின் வேலை. குளியலறைக்குப் பின்னால் ஓர் இரும்புப் பீப்பாய், அடியில் விறகடுப்பு. ஐந்து மணிக்குத் தண்ணீர் கொதிக்காவிட்டால் துரை கொதிப்பார்.

துரை குளித்த பிறகு பீப்பாயில் மிஞ்சுகிற வெந்நீரை மண்ணெண்ணெய்த் தகரத்தில் பிடித்து, சாக்கைச் சுற்றி, அரை மைல் கீழே கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோவான். அங்கே அவன் மனைவி ரெங்கம்மா காத்திருப்பாள். நாளெல்லாம் மழையில் நின்று கொழுந்து பறித்து முழங்கால் இரண்டிலும் வாதம். லயத்துக்குக் கிடைக்கும் விறகு சோறு வேகவே பற்றாது. குளிப்பெல்லாம் மலையிலிருந்து வழிந்து விழும் பீலித் தண்ணீரில்தான். மார்கழியில் அதைத் தொட்டால் எலும்பு வரை குத்தும். அந்த ஒரு தகரம் வெந்நீரை நினைத்துக்கொண்டே அவள் பகலைத் தள்ளுவாள்.

மிஞ்ச வேண்டும் என்றே அவன் பீப்பாயை நிரப்புவது எனக்குத் தெரியும். நான் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. தெரியாதவன்போல் இருந்துவிட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றில், பெரகலப் பக்கத்துத் துரை ஒருவர் மண்ணெண்ணெயில் எரியும் வெந்நீர்க் கலன் ஒன்று வாங்கினார். எங்கள் துரைக்குக் கை சும்மா இருக்குமா? அதை இரவல் வாங்கி வந்தார். ஒரு வாரம் விறகு, மறுவாரம் எண்ணெய். எதற்குச் செலவு குறைவு என்று என்னை எழுதித் தரச் சொன்னார்.

மாரிசாமி என்னிடம் ஓடி வந்தான்.

"ஐயா, அந்தக் கலன்ல எம்புட்டுத் தண்ணி காயும்?"

"துரை குளிக்கிற அளவுக்குத்தான்."

"என்னைய மலையில மம்பட்டி வேலைக்கு அனுப்புனாலும் போறேங்க. ரெங்கம்மாவுக்குத் தண்ணி?"

விறகுச் செலவைக் குறைத்துக் காட்டிவிடுவதென்ற முடிவோடு அவன் போனான். விறகு வாரத்தில் துரைக்கு வேண்டிய தண்ணீரை மட்டும் காய்ச்சினான். கட்டையைச் சிராய் சிராயாகப் பிளந்து, ஒரு துண்டுகூட வீணாக்காமல் எரித்தான். "ஒரு வாரம் பொறுத்துக்க" என்று ரெங்கம்மாவிடம் சொன்னானாம். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

கணக்கைக் கூட்டினேன். விறகு ஒன்பது கட்டு, தொண்ணூறு சதம். எண்ணெய் இரண்டு ரூபாய்க்கு மேல். வழக்கம்போலப் பதினாலு கட்டும் எரித்திருந்தாலும் ஒரு ரூபாய் நாற்பதுதான் ஆகியிருக்கும், விறகுதான் ஜெயித்திருக்கும். எண்ணெய் விலை எனக்கு முன்பே தெரியும். அவன் வந்து நின்ற அன்றே ஒரு மனக்கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் என்மேல் எனக்கு எரிச்சல்.

துரைக்குப் பரம திருப்தி. கலனைத் திருப்பி அனுப்பினார். கூடவே ஓர் உத்தரவும் போட்டார்: ஒன்பது கட்டே போதுமென்று தெரிந்துவிட்டது, இனி வாரத்துக்கு ஒன்பதுதான்.

மாரிசாமியின் வேலை தப்பியது. தகரம் மட்டும் காலியாகவே லயத்து மூலையில் கிடந்தது.

அந்த மார்கழியில் ஒரு சாயங்காலம் லயத்துப் பக்கம் போனேன். மேலே பங்களாவிலிருந்து மாரிசாமி ஓடி வந்தான், இரண்டு கையையும் கம்பளிக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டு. வெந்நீர் அடுப்பு வாயில் சூடு தாங்கும் மட்டும் கையைக் காட்டிவிட்டு வருகிறான். மூச்சு வாங்க உட்கார்ந்து ரெங்கம்மாவின் முழங்கால்களில் கையை வைத்தான். அரை மைல் குளிர்காற்றில் அந்தக் கையில் என்ன சூடு மிஞ்சியிருக்கும்?

"சூடு இருக்கா?" என்றான்.

ரெங்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருக்குங்க. எடுத்துறாதீங்க."